நிஜச் சண்டைக்கு ஆள் தேவை

மார்ச் 2

அன்புள்ள அக்கா அவர்களுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டிருக்க மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். கிழித்திருந்தால் தயவுசெய்து ஒட்டியாவது படித்துவிடுங்கள். விஷயம் அவசரம்.

நான் வேட்டைப் பிரிவில்தான் இருக்கிறேன். இன்னும் நிரந்தரம் ஆக்கவில்லை. பச்சைக் கோட்டு கொடுத்தார்கள், ஈட்டி கொடுத்தார்கள், ஆனால் இதுவரை ஒரு மிருகத்தையும் நான் குத்தவில்லை. ஒரு தடவை கதவைக் குத்தினேன். ஈட்டியைப் பிடுங்கி எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

இங்கே ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒட்டுக்கேட்பான் என்ற மிருகம் புகுந்திருக்கிறது. நம் ஊருக்கு வந்தது குளத்தில் இருக்கும் வகை. இது சுவருக்குள் இருக்கும் வகை. எங்காவது இரண்டு பேர் மனதாரச் சண்டை போட்டால், அந்தச் சத்தத்துக்குச் சுவரைப் பிளந்துகொண்டு வரும். வந்தால் இரண்டு பேரையும் விழுங்கும். நியாயம் யார் பக்கம் என்றெல்லாம் பார்க்காது. நான்காவது மாடியில் ஒரு கணவன் மனைவி இப்படித்தான் போனார்கள். டீயைக் கொட்டியதில் ஆரம்பித்த சண்டையாம். அவர்கள் செருப்பு இரண்டு ஜோடியும் இன்னும் வாசலிலேயே கிடக்கிறது, எடுத்துப் போட யாருக்கும் மனசு வரவில்லை.

அன்றிலிருந்து இந்தக் குடியிருப்பே பசுமாட்டுக் கொட்டில் மாதிரி சாதுவாகிவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் "நீங்க பிடிங்க", "ஐயோ இல்ல, நீங்க பிடிங்க" என்று சொல்லிச் சொல்லியே தண்ணீர் நின்றுவிடுகிறது. மாமியாரும் மருமகளும் சீட்டில் எழுதிக் காட்டித் திட்டிக்கொள்கிறார்கள். சங்கச் செயலாளர் இதுதான் சமயம் என்று அடுத்தவர் வண்டி நிறுத்தும் இடத்தையெல்லாம் வளைத்துப் போட்டுவிட்டார். எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள்.

அதை வெளியே வரவைக்க ஒரே வழிதான். மாடிப்படியில் இரண்டு பேர் நின்று நிஜமாகச் சண்டை போட வேண்டும். மற்றவர்கள் கதவுக்குப் பின்னால் ஆயுதத்தோடு காத்திருப்பார்கள். நடிப்பு அதனிடம் எடுபடாது. நாடக நடிகர்கள் இரண்டு பேரைக் கூட்டிவந்து ஒரு மாலை முழுக்கக் கத்தவிட்டோம். சுவருக்குள்ளிருந்து குறட்டைச் சத்தம் கேட்டது.

எங்கள் பிரிவில் இதற்கென்றே ஒரு கணவன் மனைவி இருந்தார்கள். இடி மின்னல் என்று பட்டப்பெயர். கல்யாணமான நாளிலிருந்து ஒரு நாள்கூட ஓயாத சண்டை, அப்பேர்ப்பட்ட ஜோடி. போன மாதம் ஒரு மிருகம் இடியின் காலைக் கடித்துவிட்டது. அதிலிருந்து இரண்டு பேருக்கும் அன்பு பொங்கி வழிகிறது. மின்னல் அவருக்கு சூப் ஊட்டுகிறார், அவர் இவர் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறார். எங்கள் பிரிவின் கேப்டன் அம்மா தினமும் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போகிறார்.

இந்த மாதக் கடைசிக்குள் நான் ஒரு சண்டைத் துணையைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். என்னோடு சண்டை போட எல்லோரும் முயன்றார்கள். யார் எதைச் சொன்னாலும் "நீங்க சொல்றதும் சரிதான்" என்று என் வாயில் வந்துவிடுகிறது. கடைசியில் கேப்டன் அம்மா, "உன் வாழ்க்கையில உன் மேல நிஜமா கோபமா இருக்கிற ஆள் யாராவது ஒருத்தராவது இருக்காங்களா?" என்று கேட்டார். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

தாங்கள் ஒரு நாள் வந்து என்னோடு சண்டை போட்டுவிட்டுப் போனால் பெரிய உபகாரமாக இருக்கும்.

பணிவுடன்,
தம்பி

பி.கு. இங்கே கொடுத்திருக்கிற மெத்தையில் பஞ்சு ஒரு மூலையில் திரண்டு கிடக்கிறது.


மார்ச் 6

வேட்டைக்காரர் அவர்கள் சமூகத்துக்கு,

மெத்தைக்கடைக்காரி எழுதிக்கொள்வது. கடிதத்தைக் கிழிக்கவில்லை. இரண்டு நாள் பஞ்சு மூட்டைக்கு அடியில் போட்டு வைத்திருந்தேன், பிறகு எடுத்துப் படித்தேன்.

எப்போதிலிருந்து நான் "தாங்கள்" ஆனேன்? உனக்கு மூக்குத் துடைத்து விட்டபோது நான் தாங்கள் இல்லையே. ஒரு வரி எழுதாமல் இரண்டு வருஷம் ஓட்டிவிட்டு, இப்போது காரியம் ஆக வேண்டும் என்றதும் மரியாதை பொத்துக்கொண்டு வருகிறது.

நீ போன அன்று என்ன நடந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, நான் சொல்கிறேன். ஓட்டல்காரரின் மெத்தை கட்டிலில் கிடந்தது. மேலேயிருந்து நான் ஊசியைக் குத்தி இறக்க வேண்டும், அடியில் படுத்துக்கொண்டு நீ வாங்கித் திருப்பி ஏற்ற வேண்டும். குத்தினேன். காத்திருந்தேன். ஊசி வரவில்லை. "டேய், தூங்கிட்டியா?" என்று கூப்பிட்டேன். குனிந்து பார்த்தால் அடியில் ஆளையே காணோம், ஊசி மட்டும் நூலில் தொங்கிக்கொண்டு ஆடுகிறது. வேலையை விட்டு ஓடுகிறவர்கள் உண்டு. தையலுக்கு நடுவில் ஓடினவன் உலகத்திலேயே நீ ஒருவன்தான் இருப்பாய்.

மிச்ச மெத்தைகளை நானே மேலே குத்தி, நானே குனிந்து கீழே வாங்கி, நானே ஏற்றித் தைத்தேன். இடுப்பு இன்னும் சரியாகவில்லை.

அது போகட்டும். அந்த வாரம் குளத்து மிருகம் எதிர்வீட்டு டீச்சரைக் கொண்டுபோயிருந்தது, ஞாபகம் இருக்கிறதா? உன்னையும் அதுதான் கொண்டுபோயிற்று என்று நினைத்தேன். குளக்கரையில் சேற்றில் இறங்கித் தேடினேன். ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிணவறைக்குப் போனேன். ஒவ்வொரு துணியாக விலக்கி, இது இல்லை, இது இல்லை என்று பார்த்துக்கொண்டே வந்தேன். அதற்குப் பிறகு ஒரு அச்சடித்த அட்டை வந்தது. "தங்கள் உறவினர் எமது பிரிவில் மகிழ்ச்சியுடன் இணைந்துள்ளார்." மகிழ்ச்சியுடனாம்.

நான் வராவிட்டால் உன்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எழுதியிருக்கிறாய். இதைவிட நல்ல சேதி இந்த வருஷம் எனக்கு வரவில்லை. அனுப்பட்டும். கட்டிலுக்கு அடியில் உன் இடம் காலியாகத்தான் இருக்கிறது, பெருக்கி வைக்கிறேன். நான் வரமாட்டேன்.

இப்படிக்கு,
மேலேயும் கீழேயும் தைக்கிறவள்

மெத்தையைக் கொண்டுபோய் வெயிலில் போட்டுப் பிரம்பால் அடி. இதைக்கூடவா ஒருத்தர் சொல்ல வேண்டும்?


மார்ச் 9

அக்கா,

பிணவறை விஷயம் எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அந்த வரியைப் படித்த பிறகு பயிற்சிக்குப் போகவில்லை, ஈட்டியைத் துடைப்பது போல உட்கார்ந்துகொண்டு அழுதேன். பக்கத்துக் கட்டில்காரர் துரு ஏறிவிட்டதா என்று கேட்டார்.

அன்று நான் அடியில் படுத்திருந்தபோது தெருவில் வேட்டைப் பிரிவின் வண்டி ஒலிபெருக்கியில் ஆள் கூப்பிட்டுக்கொண்டு போயிற்று. டீச்சரை மிருகம் இழுத்துக்கொண்டு போனபோது தெருவே கதவைச் சாத்தியது. நம் கதவைச் சாத்தியது நான். தாழ்ப்பாள் போட்ட கை அதற்குப் பிறகு எந்த வேலையிலும் ஒழுங்காக ஓடவில்லை. உன்னிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். சொல்லியிருந்தால் நீ போகாதே என்றிருக்க மாட்டாய். "அந்த ஓரத்தை முடிடா, அப்புறம் பேசலாம்" என்றிருப்பாய். நானும் முடித்திருப்பேன். அடுத்த மெத்தை வந்திருக்கும். நான் இந்நேரம் அங்கேயேதான் படுத்திருப்பேன். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

சேர்ந்த பிறகு எழுத நினைத்துப் பலமுறை உட்கார்ந்தேன். நாளாக ஆகப் பயம் கூடியது. ஒரு வாரம் எழுதாததற்கு மன்னிப்புக் கேட்கலாம், ஒரு வருஷம் எழுதாததற்கு எந்த வார்த்தையில் கேட்பது?

என்னை மன்னித்துவிடு. நீ வர வேண்டாம். மாதக் கடைசியில் நான் வருகிறேன், என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது அக்கா, அதை மட்டும் உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. பிடித்த வேலை எல்லோருக்குமா கிடைக்கிறது? போகட்டும்.

தம்பி


மார்ச் 13

தம்பிக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன், பிறகு உட்கார்ந்து படித்தேன். வாடிக்கையாளர் ஒருத்தி வந்து இலவம்பஞ்சு இருக்கிறதா என்று கேட்டாள், இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவளை அப்படியே நிற்கவிட்டு உள்ளே போய்விட்டேன். இவளுக்கு என்ன வந்தது என்று பார்த்திருப்பாள்.

இரண்டு வருஷமாக உன்னைத் திட்டுவதற்கென்று நிறையச் சேர்த்து வைத்திருந்தேன். குளிக்கும்போது ஒத்திகை பார்ப்பேன். ஒவ்வொரு வாக்கியமும் அவ்வளவு நன்றாக இருக்கும். இன்று குளிக்கும்போது ஒன்றும் வரவில்லை, பேசாமல் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்தேன். பல் பிடுங்கின இடத்தில் நாக்கு போய்ப் போய்த் தடவுமே, அப்படி இருக்கிறது.

நீ பிடித்த வேலை என்று எழுதிவிட்டுப் போகட்டும் என்று முடித்திருக்கிறாய் பார், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. சின்ன வயதிலும் இப்படித்தான், கடைசி மிட்டாயை எனக்குக் கொடுத்துவிட்டுப் போகட்டும் என்பாய், பிறகு ஒரு மணி நேரம் என் வாயையே பார்ப்பாய்.

வருகிறேன். 20-ஆம் தேதி காலை வண்டியில் வருகிறேன். என்ன செய்ய வேண்டும் என்று சொல், செய்கிறேன். கோபமெல்லாம் போய்விட்டது. சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே.

அன்புடன்,
அக்கா


மார்ச் 16

அன்புள்ள அக்கா,

பெரிய தப்பு நடந்துவிட்டது.

நீ வருகிறாய் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே கேப்டன் அம்மாவிடம் ஓடினேன். அவருக்கு ஒரு காது இல்லை, பழைய வேட்டை ஒன்றில் போனது. இருக்கிற காதை என் பக்கம் திருப்பி முழுவதையும் வாசிக்கச் சொன்னார். "கோபமெல்லாம் போய்விட்டது" என்ற இடம் வந்ததும் கையை உயர்த்தினார்.

"நீ அவங்களுக்கு என்ன எழுதின?"

"மன்னிப்புக் கேட்டேன் அம்மா."

"யாருடா உன்னை மன்னிப்புக் கேக்கச் சொன்னது?"

"தப்பு என் மேலதானே..."

"இருக்கட்டுமே. வேட்டை முடிஞ்சு கேட்டிருக்கலாம்ல. தூண்டில்ல இருந்த புழுவை நீயே எடுத்துத் தின்னுட்டு வந்து நிக்கிற."

இந்தப் பிரிவின் வரலாற்றிலேயே ஒட்டுக்கேட்பானுக்கு வைத்த சண்டையைச் சமாதானம் பேசித் தீர்த்துவிட்ட முதல் ஆள் நான்தானாம். மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். இப்போது நடைபாதையில் என்னைப் பார்க்கிறவர்களெல்லாம் "மன்னிச்சுக்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

20-ஆம் தேதிக்குள் எப்படியாவது உனக்குப் பழைய கோபத்தை வரவழைக்கச் சொல்லி உத்தரவு. அதனால் இத்துடன் சில விஷயங்கள் எழுதுகிறேன். நீ தைக்கும் மெத்தை கல் மாதிரி இருக்கும். (இல்லை, வீட்டில் நானே அதில்தான் படுத்திருக்கிறேன், ஆனாலும் எழுதுகிறேன்.) நீ விடும் குறட்டையில் பஞ்சு பறக்கும். நீ பாடினால் நாய் எழுந்து போய்விடும். உன் சமையல் சுமார்தான். கடைசி வரியை எழுதும்போது கை நடுங்கியது.

தயவுசெய்து கோபப்படு அக்கா. ஒட்டுக்கேட்பான் நேற்று ஐந்தாவது மாடிக்கு ஏறிவிட்டது. அங்கே புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று இருக்கிறது, இன்னும் முதல் சண்டை போடவில்லை. எத்தனை நாள் தாங்கும் என்று எல்லோருக்கும் கவலையாக இருக்கிறது.

தம்பி


மார்ச் 18

தம்பிக்கு,

உன் திட்டுகளைப் படித்துச் சிரித்ததில் வாயில் கவ்வியிருந்த நூலை விழுங்கிவிட்டேன். திட்டத் தெரியாதவனை எப்படித்தான் வேலைக்கு எடுத்தார்களோ.

மெத்தை கல் மாதிரி இருக்கும் என்று சொல்லக்கூடாது. கல் மாதிரி இருப்பதை விரும்பி வாங்குகிறவர்கள் உண்டு, முதுகுக்கு நல்லது என்பார்கள். "ஓரம் கோணல்" என்று எழுதியிருக்க வேண்டும். அதற்கு உண்மையிலேயே கோபம் வந்திருக்கும். குறட்டை விடுவது நீ. நாய் எழுந்து போனது அப்பா பாடியபோது. சமையல் சுமார் என்பது எனக்கே தெரியும், அதைச் சொல்லவா கை நடுங்கியது?

கோபம் வரவில்லை. முயன்று பார்த்தேன். குளக்கரையை நினைத்தேன், பிணவறையை நினைத்தேன், உன் அழுகை முகம்தான் நினைவுக்கு வருகிறது. என்ன செய்வது, வந்து நிற்கிறேன். அந்த இடத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

டிக்கெட் எடுத்துவிட்டேன். வண்டிக்கு வந்து நில்.

அக்கா


மார்ச் 24

அக்கா,

நேற்றுத்தான் முழுதாகக் கண் விழித்தேன். எழுந்ததும் உன்னைத் தேடினேன். மருந்து கட்டும் அம்மா, "உங்க அக்கா நீங்க கண்ணைத் திறக்கிற வரைக்கும் உக்காந்திருந்தாங்க. இமை அசைஞ்சதும் பையை எடுத்துட்டுக் கிளம்பிட்டாங்க" என்கிறார். இது என்ன நியாயம்? மூன்று நாள் உட்கார்ந்தவளுக்கு மூன்று நிமிஷம் உட்கார முடியாதா?

எனக்கு ஒரு அளவு வரைதான் ஞாபகம் இருக்கிறது. மிச்சத்தை ஆளாளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள், நம்புகிற மாதிரி இல்லை. எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன், விட்ட இடத்திலிருந்து நீ சொல்.

நாம் இரண்டு பேரும் ஐந்தாவது மாடிப்படி வளைவில் நின்றோம். கேப்டன் அம்மாவும் மற்றவர்களும் இரண்டு பக்கக் கதவுக்கும் பின்னால். வெயில் ஜன்னல் வழியாக விழுந்துகொண்டிருந்தது. ஆரம்பிக்கலாம் என்று சைகை வந்தது. நீ என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சாப்பிட்டியா?" என்றாய்.

"சாப்பிட்டேன். நீ?"

"வண்டியிலயே சாப்பிட்டேன். ஏன்டா இப்படி இளைச்சுட்ட?"

கதவுக்குப் பின்னால் கேப்டன் அம்மா சுவரில் முட்டிக்கொண்ட சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு நீ நினைவு வந்தவளாய், சொல்லிக்கொடுத்தபடி, "ஏன்டா என்னை விட்டுட்டுப் போன?" என்று கத்தினாய். நான் பதிலுக்குக் கத்த வேண்டியது. "தப்புதான்க்கா" என்று வந்துவிட்டது. சுவருக்குள் ஒரு சத்தமும் இல்லை. குறட்டைகூட வரவில்லை.

அப்போதுதான் மேலேயிருந்து காரை பெயர்ந்து படியில் விழுந்தது. சுவருக்குள் மிருகம் திரும்பிப் படுத்திருக்கும், வேறு ஒன்றுமில்லை. ஆனால் நீ சட்டென்று எனக்கு முன்னால் வந்து கையை விரித்துக்கொண்டு நின்றாய். நான் உன் தோளைப் பிடித்து இழுத்துப் பின்னால் தள்ளினேன்.

"என்னடா பண்ற?"

"பின்னாடி நில்லுக்கா."

"நீ பின்னாடி நில்லு. நான் உனக்கு மூத்தவ."

"இது என் வேலை."

"வேலையாம் வேலை. கதவைக் குத்தினவன்தானே நீ?"

இப்படி ஆரம்பித்தது எங்கே போயிற்று என்று எனக்கே தெரியவில்லை. நீ மறுபடி முன்னால் வந்தாய், நான் மறுபடி தள்ளினேன். நீ என் கையில் அடித்தாய். என் வாழ்க்கையில் முதல் தடவையாக உன்னைப் பார்த்துக் கத்தினேன். "நீ எப்பவும் இப்படித்தான். எல்லாத்தையும் நீயே இழுத்துத் தலையில போட்டுக்குவ, அப்புறம் இடுப்பு வலிக்குதுன்னு ஊருக்கெல்லாம் சொல்லுவ" என்றேன். உன் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். "ஆமாண்டா, நான் போட்டுக்கலன்னா உன்னை யாரு வளர்த்திருப்பா?" என்று நீ கத்தியது இரண்டு மாடிக்குக் கேட்டிருக்கும்.

சுவர் பிளந்தது. அது வெளியே வந்தது. கண் கிடையாது, உடம்பெல்லாம் காது, எல்லாக் காதும் நம் பக்கம் திரும்பியிருந்தது. ஒரு வாய், அதற்குள் இன்னொரு வாய். ஓங்கிக் குத்தினேன். ஈட்டி தோளில் இறங்கியது. அது என் காலைக் கவ்வியது. அதற்கு மேல் ஞாபகம் இல்லை.

கால் இருக்கிறது, பிழைத்துவிடும் என்கிறார்கள். இடியும் மின்னலும் பார்க்க வந்தார்கள், ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி. இடி எனக்கும் ஒரு கரண்டி சூப் ஊட்டிவிட்டார்.

எனக்கு நிரந்தர உத்தரவு வருமா என்று ஒருவரும் சொல்ல மறுக்கிறார்கள். "உங்க அக்காவைக் கேளு" என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். நீ என்ன செய்தாய்?

தம்பி


மார்ச் 28

டேய்,

விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேள்.

அது உன் காலைக் கவ்வி உன்னைப் படியில் அறைந்தது. நீ மயங்கினாய், ஆனால் ஈட்டியை விடவில்லை. அதனால் அதற்குச் சுவருக்குள் திரும்பிப் போக முடியவில்லை. பிறகு உன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் ஈட்டியை எடுத்தார்கள். இதை உன் கேப்டன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார், உனக்குத் தெரிந்தால் தலைக்கனம் வந்துவிடும் என்று உன்னிடம் மட்டும் சொல்லவில்லை போலிருக்கிறது.

உன்னை விட்டுவிட்டு வாயை என் பக்கம் திருப்பியது. மற்றவர்களெல்லாம் பயந்திருப்பார்கள். எனக்குப் பயம் வர இடமில்லை, வாய் நிறைய இன்னும் பேச்சு இருந்தது. "இரு. நான் அவன்கிட்ட இன்னும் முடிக்கல" என்றேன். அது நின்றது. நிஜமாகவே நின்றது. இத்தனை வருஷமாக அடுத்தவர் சண்டையைக் கேட்டுத் தின்றதே தவிர, அதை யாரும் நேருக்கு நேர் திட்டியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். விடவில்லை நான். "அடுத்தவங்க வீட்டுச் சண்டையில உனக்கென்ன வேலை? நாங்க அக்கா தம்பி, இன்னிக்கு அடிச்சுக்குவோம், நாளைக்கு ஒரே தட்டுல சாப்பிடுவோம். நடுவுல நீ யாரு? டீ கொட்டினதுக்கு ரெண்டு பேரை முழுங்கினியே, அவங்க சாயங்காலமே சமாதானம் ஆகியிருப்பாங்களே. அதுக்குள்ள என்ன அவசரம் உனக்கு?" என்று பிடி பிடி என்று பிடித்தேன். கேட்கக் கேட்க அதன் காதுகள் ஒன்றொன்றாக மடங்கின. கடைசிக் காது மடங்கியதும், இனிக் காலடிச் சத்தம் அதற்குக் கேட்காது என்று கேப்டன் பின்னாலிருந்து வந்து கழுத்தை வெட்டினார். அப்போதுகூட நான் நிறுத்தவில்லையாம், தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்களாம்.

அடுத்த நிமிஷம் அந்தக் குடியிருப்பே கத்த ஆரம்பித்தது. இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் வெளியே வந்தது. குழாயடியில் நான்கு பேர் குடத்தால் இடித்துக்கொண்டார்கள். செயலாளர் வண்டியை எடுத்துக்கொண்டு ஓட்டமாக ஓடினார். புதுக் கல்யாண ஜோடி ஜன்னலில் நின்று முதல் சண்டையைப் போட்டார்கள், அந்தப் பெண் ஒரு தலையணையை எடுத்து வீசினாள். மட்டமான பஞ்சு.

இப்போது உன் நிரந்தர உத்தரவு. நீ மயக்கத்தில் கிடந்தபோது உன் கேப்டன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இருக்கிற காதை என் பக்கம் திருப்பிக்கொண்டார். "உங்க தம்பியை வச்சுக்க எனக்கு ஆசைதான். ஆனா சண்டைத் துணை இல்லாத ஆளை வச்சுக்க எனக்கு அதிகாரம் இல்ல. உங்களுக்கு அவன் மேல இன்னும் கோபம் இருக்கா? உண்மையைச் சொல்லணும், பொய்ன்னா அடுத்த ஒட்டுக்கேட்பான் கண்டுபிடிச்சுடும்" என்றார்.

நீ கட்டிலில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாய். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். உன்னைப் பத்திரமாக வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டிவந்திருப்பேன். கால் ஆறும்வரை மேலேயிருந்தே தைக்க வைத்திருப்பேன். ஒரு மிருகமும் உன்னைத் தொடாது. இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பழைய கோபம் எதுவும் என்னிடம் இல்லை, அதை உனக்கு எழுதியேவிட்டேன்.

அப்போது உன் காலில் சுற்றியிருந்த கட்டைப் பார்த்தேன். என்னைப் பின்னால் தள்ளிவிட்டு நீ வாங்கின கடி அது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "இருக்கு. என்னைப் பின்னாடி தள்ளிட்டு முன்னாடி போய் நின்னான். இதை நான் சாகிற வரைக்கும் மன்னிக்க மாட்டேன்" என்றேன். கேப்டன் "இது போதும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அதனால் நீ நிரந்தரம். கூப்பிடும்போதெல்லாம் வந்து சண்டை போட நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கட்டிலுக்கு அடியில் படுக்க வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன்.

நீ கண் திறப்பதற்குள் ஏன் கிளம்பினேன் என்று கேட்டிருக்கிறாய். உன்னை எனக்குத் தெரியாதா? கண்ணைத் திறந்ததும் "மன்னிச்சுடுக்கா" என்பாய். அதைக் கேட்டால் நான் அங்கேயே உருகிப்போய் எல்லாவற்றையும் மன்னித்திருப்பேன், உன் வேலையும் போயிருக்கும். அதனால்தான் பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். வாசல் வரைக்கும் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் கெட்டிருக்கும்.

இனிமேல் எனக்கு என்ன வேண்டுமானாலும் எழுது, அந்த ஒரு வார்த்தையை மட்டும் எழுதித் தொலைக்காதே.

தீராத கோபத்துடன்,
அக்கா